மிங்க் கூண்டும் வெண்பட்டு வேட்டியும்: ஃபர் பண்ணைத் தடையை நம் ஊரில் விவாதிப்பது எப்படி

சேலம் அம்மாப்பேட்டையில் மாதம் ஒருமுறை நாங்கள் கூடும் சிறு வாசகர் கூட்டத்தில், ஃபர் பண்ணைகளைத் தடை செய்யலாமா என்ற கேள்வியை முதன்முதலாக எடுத்துக்கொண்டபோது, விவாதம் பத்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. ரோமத்துக்காக விலங்கைக் கூண்டில் வளர்த்துக் கொல்வது கொடுமை என்று ஒருவர் சொன்னார், அடுத்தவர் ஆமோதித்தார், கை தூக்கச் சொன்னதும் எல்லாக் கைகளும் எழுந்தன. டீ வருவதற்கு முன்பே தீர்ப்பு வந்துவிட்டது. மார்ச் மாதத்திலேயே விசிறிக்கு அடியில் வேர்த்துக் கொட்டும் ஊரில் ஃபர் கோட்டு வைத்திருப்பவர் எவருமில்லை. ரோமத்துக்காகப் பண்ணையில் வளர்க்கப்படும், கீரி போன்ற சிறு விலங்கான மிங்க்கை நம்பிப் பிழைப்பவரும் இல்லை. கைப்பொருள் எதுவும் போகாத இடத்தில் இரக்கம் தாராளமாகவே வரும். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த முதிய நெசவாளர் ஒருவர் மட்டும் கையை இறக்கிவிட்டு, "தம்பி, அந்த மிருகத்துக்காகப் பேசுறீங்க, நல்லதுதான். நம்ம புழுவுக்கு யாரு பேசுறது?" என்று கேட்டார். அவருக்கு அன்று எவரும் பதில் சொல்லவில்லை.

அந்தக் கூட்டம் ஏன் தோற்றது என்று யோசித்து, பிறகு இதே பொருளை மீண்டும் எடுத்து நடத்தியதில் கற்றுக்கொண்டவற்றை இங்கே எழுதுகிறேன். பள்ளி, கல்லூரி, நூலகம், குடியிருப்போர் சங்கம் என எங்கே நடத்தினாலும் இந்த முறை உதவும். இரண்டரை மணி நேரமும், ஒரு சுண்ணக்கட்டியும், அளவு நாடாவும், துண்டுத் தாள்களும் போதும்.

கேள்வியை வெட்டித் திருத்துங்கள்

"ஃபர் நல்லதா, கெட்டதா" என்று கேட்டால் பட்டிமன்றம் நடக்கும், சிந்தனை நடக்காது. தடை என்ற ஒரே சொல்லுக்குள் குறைந்தது மூன்று தடைகள் இருக்கின்றன என்பதைக் கூட்டத்தின் தொடக்கத்திலேயே சொல்லிவிடுவது நல்லது. முதலாவது, வளர்ப்பதற்குத் தடை. பிரிட்டன் 2000-ஆம் ஆண்டில் சட்டம் இயற்றி, இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2003 முதல் ஃபர் பண்ணைகளை நிறுத்தியது; ஆனால் அங்கே கடையில் ஃபர் விற்பதை அந்தச் சட்டம் தொடவில்லை. இரண்டாவது, விற்பதற்குத் தடை. அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலம் 2019-இல் சட்டம் செய்து 2023 முதல் புதிய ஃபர் பொருள்களின் விற்பனையை நிறுத்தியது. 2021-இல் இஸ்ரேல் ஆடை அலங்காரத்துக்கான ஃபர் விற்பனையைத் தடுத்தபோது, சமயத் தேவைக்கு அணியப்படும் ரோமத் தொப்பிகளுக்கு இடம் விட்டது. மூன்றாவது, இறக்குமதிக்குத் தடை. இதில் நமக்கும் பங்குண்டு: 2017 ஜனவரியில் இந்திய அரசின் வெளிநாட்டு வர்த்தக இயக்குநரகம் மிங்க், நரி, சின்சில்லா என்ற கொறிவிலங்கு ஆகியவற்றின் ரோமத் தோல்களை இறக்குமதி செய்யத் தடை விதித்தது. ஊர்வனவற்றின் தோலும் அந்த ஆணையில் சேர்ந்தது.

ஆகவே கூட்டத்துக்கு முன்வைக்கும் வாசகம் "ரோமத்துக்காக மட்டும் விலங்குகளைக் கூண்டில் வளர்ப்பதைச் சட்டம் தடுக்க வேண்டும்" என்பதைப்போல் ஒரே பொருளைப் பிடித்ததாக இருக்கட்டும். "மட்டும்" என்ற சொல் முக்கியமானது. ஆட்டுத்தோலும் மாட்டுத்தோலும் இறைச்சியின் உடன்விளைவாக வருகின்றன. மிங்க்கை வளர்ப்பவர் அதன் ரோமத்துக்காகவே வளர்க்கிறார். இந்த வேறுபாட்டை எல்லோரும் ஏற்க வேண்டும் என்பதில்லை, ஆனால் அது மேசைமேல் இருக்க வேண்டும். தோலைப் பற்றிய பேச்சு எப்படியும் வரும். வாசலில் கழற்றிவிட்ட செருப்புகளைத் திரும்பிப் பார்க்கும் அந்தக் கணத்தை நடத்துபவர் அடக்கிவிடக் கூடாது.

தரையில் ஒரு கூண்டு வரையுங்கள்

எங்கள் இரண்டாவது கூட்டத்தைக் காப்பாற்றியது இந்த ஒரு செயல்தான். பேச்சு தொடங்கும் முன், அறையின் நடுவே சுண்ணக்கட்டியால் 85 செண்டிமீட்டர் நீளமும் 30 செண்டிமீட்டர் அகலமும் உள்ள ஒரு செவ்வகத்தை வரையுங்கள். அதன் பரப்பு 2,550 சதுர செண்டிமீட்டர். ஐரோப்பிய மன்றம் 1999-இல் மிங்க் கூண்டுக்குப் பரிந்துரைத்த குறைந்தபட்ச அளவு அதுவே. உயரம் 45 செண்டிமீட்டர். அந்த உயரத்தைக் காட்ட, இரண்டு நாற்காலிக் கால்களுக்கு இடையே ஒரு நூலை இழுத்துக் கட்டினால் போதும். ஆண் மிங்க் மூக்கிலிருந்து வால் நுனிவரை ஏறக்குறைய 60 செண்டிமீட்டர் இருக்கும். ஒரு துண்டை அந்த அளவுக்குச் சுருட்டிச் செவ்வகத்துக்குள் வைத்துவிட்டு ஒரு நிமிடம் எதுவும் பேசாமல் இருங்கள். எங்கள் கூட்டத்தில் ஒரு பள்ளி மாணவி எழுந்து வந்து அந்தத் துண்டைத் திருப்பிப் போட முயன்றாள். அகலவாக்கில் போட்டால் இரு முனையும் கோட்டைத் தாண்டின. அன்று மாலை அதைவிட வலுவான வாதத்தை எவரும் முன்வைக்கவில்லை.

அதன்பிறகு அந்த விலங்கின் இயல்பைச் சொல்லுங்கள். மிங்க் நீரோரத்தில் தனித்து வாழ்வது, நீந்தி இரை பிடிப்பது. பண்ணையில் அதன் காலுக்கு அடியில் கம்பி வலைதான் இருக்கிறது. நீர் குடிப்பதற்கு மட்டுமே கிடைக்கிறது. 2001-இல் ஜார்ஜியா மேசன் என்ற ஆய்வாளரும் உடன் பணியாற்றியோரும் பண்ணை மிங்க்குகளுக்குப் பல வசதிகளைத் தனித்தனி அறைகளில் வைத்து, ஒவ்வொரு கதவிலும் பாரத்தைக் கூட்டிக்கொண்டே போனார்கள். நீச்சல் தொட்டி இருந்த அறைக்குச் செல்வதற்காகவே அவை மிகக் கடுமையாக உழைத்தன. அந்தத் தொட்டி மறுக்கப்பட்டபோது அவற்றின் உடலில் ஏறிய மன அழுத்தச் சுரப்பு, உணவு மறுக்கப்பட்டபோது ஏறிய அளவுக்கு நெருங்கியது. தலைமுறை தலைமுறையாகக் கூண்டிலேயே பிறந்த விலங்குக்கு நீர் நினைவிருக்காது என்று சொல்பவர்களுக்கு இந்தச் சோதனை போதுமான மறுமொழி.

கொல்லும் முறையை ஒருமுறை, தாழ்ந்த குரலில், சொல்லிவிட்டு நகருங்கள்: வசந்தத்தில் பிறக்கும் குட்டிகள் குளிர்காலத்து ரோமம் முதிரும் நவம்பர், டிசம்பரில் கொல்லப்படுகின்றன, மிங்க்குக்கு வாயுப்பெட்டி, நரிக்கு மின்சாரம், ஏனெனில் தோலில் கீறல் விழக் கூடாது. காணொளி காட்டாதீர்கள் என்பது என் உறுதியான கருத்து. காட்டினால் சிலர் அழுவார்கள், சிலர் எழுந்து போவார்கள், மிச்சமிருப்பவர்கள் அதற்குமேல் எதையும் யோசிக்க மாட்டார்கள்.

எதிர்த்தரப்பை ஒப்புக்குப் பேச விடாதீர்கள்

பண்ணைக்காரரின் பக்கத்தைப் பேச, கூட்டத்திலேயே நன்றாகப் பேசத் தெரிந்தவரை ஒரு வாரத்துக்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். அந்தப் பக்கம் நொண்டியாக இருந்தால் கூட்டமும் நொண்டும். அவர் கையில் கொடுக்கத்தக்க வாதங்கள் உண்மையிலேயே இருக்கின்றன. மிங்க்கின் தீவனம் பெரும்பாலும் மீன் கழிவும் இறைச்சிக்கூடக் கழிவும்தான். ஆக, வீணாகப் போவதை அவர்கள் பொருளாக்குகிறார்கள். ஒரு ஃபர் மேலங்கி பல பத்தாண்டுகள் உழைக்கும். அதற்கு மாற்றாக வரும் அக்ரிலிக் ரோமம் பெட்ரோலியத்தில் பிறந்து, துவைக்கும்போதெல்லாம் நுண் நெகிழி இழைகளைத் தண்ணீரில் விடும். ஒரு நாடு தடுத்தால் பண்ணை சட்டம் தளர்ந்த வேறொரு நாட்டுக்கு இடம்பெயரும். விலங்குக்கு ஒரு பயனும் இல்லை. கோழியைக் கூண்டில் அடைத்து வளர்த்துத் தின்பவருக்கு மிங்க்கைப் பற்றிப் பேச என்ன தகுதி என்ற கேள்வியையும் அவர் கேட்கட்டும். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டமாக இருந்தால் பலருக்கு அது வயிற்றிலேயே குத்தும்.

"இவை காட்டு விலங்குகள் அல்ல, பழக்கப்பட்ட கால்நடைகள்" என்ற வாதம் வந்தால், சைபீரிய நரிகளின் கதையைச் சொல்லலாம். 1959-இல் திமித்ரி பெல்யாயெவ் என்ற சோவியத் மரபியலாளர் ஃபர் பண்ணை நரிகளிலிருந்தே மனிதரிடம் அஞ்சாதவற்றை மட்டும் பொறுக்கி, தலைமுறைதோறும் இனச்சேர்க்கை செய்யவைத்தார். சில தலைமுறைகளில் வாலாட்டும் நரிகள் வந்தன. காது தொங்கியது, ரோமத்தில் வெள்ளைத் திட்டுகள் விழுந்தன. இதிலிருந்து தெரிவது என்ன? பெல்யாயெவ் தொடங்கியபோது, பல தலைமுறைகளாகப் பண்ணையில் வளர்ந்திருந்த நரிகளில் பெரும்பாலானவை மனிதக் கையைக் கண்டு மிரண்டன அல்லது கடித்தன. பண்ணையில் பிறப்பது வேறு, பழகுவது வேறு.

டென்மார்க்கின் கதைக்கு அரைமணி நேரம் ஒதுக்குங்கள்

இந்தப் பொருளில் நான் மிகவும் விரும்பிச் சொல்வது 2020-ஆம் ஆண்டின் டேனிஷ் நிகழ்வு. தடையை எப்படிச் செய்யக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் இல்லை. அந்த ஆண்டு ஏப்ரலில் நெதர்லாந்தின் மிங்க் பண்ணைகளில் கொரோனா தொற்று கண்டறியப்பட்டது. பிறகு டென்மார்க்கிலும் பரவி, மிங்க்கிலிருந்து மனிதருக்குத் திரும்பியது. மாறிய நச்சுயிரி தடுப்பூசியைப் பாதிக்கக்கூடும் என்ற அச்சத்தில், நவம்பர் 4 அன்று நாட்டிலுள்ள எல்லா மிங்க்குகளையும் கொல்லும்படி பிரதமர் மெட்டே ஃபிரெடெரிக்சன் அறிவித்தார். எண்ணிக்கை ஒன்றரைக் கோடிக்கு மேல். தொற்று இல்லாத பண்ணைகளிலும் கொல்வதற்கு அரசுக்குச் சட்ட அதிகாரம் இல்லை என்பது சில நாள்களில் தெரியவந்தது; உணவுத்துறை அமைச்சர் மொகென்ஸ் யென்சன் இரண்டு வாரத்தில் பதவி விலகினார்; சட்டம் டிசம்பரில்தான் நிறைவேறியது. அவசரமாக ஆழமின்றிப் புதைத்த உடல்கள் அழுகி, வாயு ஊதி, மணலைத் தள்ளிக்கொண்டு மேலே வந்தன. பண்ணையாளருக்கும் அதைச் சார்ந்த தொழில்களுக்கும் இழப்பீடாக ஏறத்தாழ 1,900 கோடி குரோனர் வரை ஒதுக்க வேண்டியிருந்தது.

இதற்குப் பக்கத்தில் நெதர்லாந்தை வையுங்கள். அங்கே மிங்க் வளர்ப்பை நிறுத்தும் சட்டம் 2013-லேயே வந்திருந்தது. 2024 வரை காலம் கொடுக்கப்பட்டிருந்தது. தொற்று வந்ததும் அந்தக் கெடுவை 2021-க்கு முன்னே இழுத்தார்கள், அவ்வளவுதான். நார்வே 2019-இல் சட்டம் செய்து 2025 வரை அவகாசம் தந்தது. எஸ்டோனியா 2021-இல் முடிவெடுத்து 2026-ஐக் கெடுவாக்கியது. ஓர் ஊரின் தொழிலை நிறுத்துவதற்கு எத்தனை ஆண்டு அவகாசம் நியாயம், கடன் வாங்கிக் கொட்டகை போட்டவருக்கு யார் ஈடு செய்வது என்ற கேள்விகளைக் கூட்டத்திடம் கேளுங்கள். தறிக்கு வங்கிக் கடன் வைத்திருப்பவர்கள் இருக்கும் அறையில் இந்தக் கேள்விக்குக் கிடைக்கும் பதில்கள், இரக்கத்தைப் பற்றிய உரைகளைவிடப் பல மடங்கு கூர்மையாக இருக்கும்.

இப்போது பட்டைக் கொண்டுவாருங்கள்

சேலத்தில் இந்த விவாதத்தை நடத்தும் எவரும் தவிர்க்க முடியாத, தவிர்க்கவும் கூடாத பகுதி இது. சேலம் வெண்பட்டுக்குப் புவிசார் குறியீடு உண்டு. தமிழக அரசின் பட்டு வளர்ச்சித் துறை இயக்குநரகமே இந்த ஊரில்தான் இருக்கிறது. எங்கள் கூட்டத்திலும் ஒருவர் வெண்பட்டு வேட்டி உடுத்தி வந்திருந்தார், கல்யாண வீட்டிலிருந்து நேரே வந்ததாகச் சொன்னார்.

கணக்கை மறைக்காமல் போடுங்கள். ஒரு கிலோ கச்சாப் பட்டு நூல் எடுக்க 6 முதல் 8 கிலோ பட்டுக்கூடு தேவை. ஒரு கூடு ஒன்றரை முதல் இரண்டு கிராம் எடை. ஆகவே ஒரு கிலோ நூலுக்கு மூவாயிரத்துக்குக் குறையாத கூடுகள், அதாவது அத்தனை உயிர்கள். அந்துப்பூச்சி கூட்டைத் துளைத்து வெளியே வந்தால் அறுபடாத நீள இழை கிடைக்காது என்பதால், அதற்கு முன்பே கூடுகள் ஆவியிலோ வெந்நீரிலோ வெப்பக்காற்றிலோ இடப்படுகின்றன.

இதை வைத்து நேர்மையாகப் பேசத்தக்க வேறுபாடுகள் உண்டு. பட்டுப்புழு தட்டில் இருக்கும்போது மல்பெரி இலை தின்பதையும் கூடு கட்டுவதையும் அன்றி வேறெதையும் நாடுவதில்லை. பல்லாயிரம் ஆண்டு வளர்ப்பில் அதன் பூச்சிக்குப் பறக்கவும் வலுவில்லை. மிங்க்கோ தன் இயல்பின் நடுப்பகுதியே மறுக்கப்பட்டு மாதக்கணக்கில் கூண்டில் திரும்பித் திரும்பி நடக்கிறது. வலியை உணரும் நரம்பமைப்பில் பாலூட்டிக்கும் பூச்சிக்கும் உள்ள தொலைவும் பெரிது. இந்த வேறுபாடுகள் எனக்கு மெய்யானவையாகவே படுகின்றன. ஆனால் அவற்றைச் சொல்லிவிட்டால் கணக்குத் தீர்ந்துவிட்டதாக நான் நினைக்கவில்லை. காஞ்சிப் பெரியவர் சந்திரசேகரேந்திர சரஸ்வதி பட்டைத் தவிர்க்கச் சொன்னதை அறிந்த வீடுகளிலும் முகூர்த்தப் புடவை பட்டாகவே இருக்கிறது. பூச்சி வெளியேறிய பின் நூற்கும் "அகிம்சைப் பட்டை" ஹைதராபாத்தின் குசும ராஜய்யா பரப்பினார். அதிலும் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. வெளிவரும் ஒவ்வொரு பெண் பூச்சியும் நூற்றுக்கணக்கில் முட்டையிடும். அத்தனை குஞ்சுகளுக்கும் இலை போட எந்த விவசாயியாலும் முடியாது.

நடத்துபவர் இங்கே இரண்டு தப்பும் வழிகளை அடைக்க வேண்டும். "பட்டும் தவறுதானே, ஆகையால் மிங்க்கும் இருந்துவிட்டுப் போகட்டும்" என்பது ஒன்று. "மிங்க் கொடியது, ஆகவே நம் பட்டு தூயது" என்பது இன்னொன்று. இரண்டையும் யாராவது கட்டாயம் சொல்வார்கள். சொன்னவரிடம், தம் வாதத்தை மற்றப் பொருளின் பெயரே வராமல் ஒருமுறை சொல்லிக் காட்டும்படி பணிவாகக் கேளுங்கள்.

ஜல்லிக்கட்டும் வரும், ஆத்தூர்ப் பக்கத்துக்காரர் ஒருவராவது கூட்டத்தில் இருப்பார். 2014-இல் உச்ச நீதிமன்றம் தடுத்ததும், 2017-இல் தமிழகம் சட்டத்தைத் திருத்தியதும், 2023-இல் அரசியல் சாசன அமர்வு அந்தத் திருத்தத்தை ஏற்றதும் எல்லோருக்கும் தெரிந்த வரலாறு. ஐந்து நிமிடம் பேச விட்டுவிட்டு, இந்த விவாதத்துக்கு அதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்: தொழிலையோ வழக்கத்தையோ அறியாதவர்கள் தொலைவிலிருந்து போட்ட தடை என்று மக்கள் நினைத்துவிட்டால், அது நிற்பதில்லை. விலங்குவதைத் தடுப்புச் சட்டம் 1960-இல் வந்ததற்கு மாநிலங்களவையில் வித்திட்டவர் மதுரையில் பிறந்த ருக்மிணி தேவி அருண்டேல் என்பதையும் சொல்லுங்கள். இந்தச் சிந்தனை முழுவதும் வெளிநாட்டுச் சரக்கு என்ற எண்ணம் கொஞ்சம் தளரும்.

கையைத் தூக்கச் சொல்லாதீர்கள்

கை தூக்கினால் பக்கத்தில் இருப்பவரின் கையைப் பார்த்தே தூக்குவார்கள். தொடக்கத்தில் ஒருமுறையும் முடிவில் ஒருமுறையும் துண்டுத் தாளில் பெயரின்றி எழுதச் சொல்லுங்கள். "ஆம்", "இல்லை" என்பதோடு ஒரே ஒரு காரணம் கட்டாயம். முடிவில் எண்ணிக்கையைவிடக் காரணங்களை வாசிப்பதற்கே நேரம் கொடுங்கள். என் தாளில் நான் எழுதியது: "ஆம், பத்து ஆண்டு அவகாசத்தோடும் இழப்பீட்டோடும், விற்பனைக்கும் சேர்த்து." ஒரு தாளில், "தெரியவில்லை, ஆனால் அந்தச் செவ்வகம் சின்னது" என்று மட்டும் இருந்தது.

கூட்டம் முடிந்ததும் சிலர், நம்மளவில் என்ன செய்யலாம் என்று கேட்பார்கள். நம் ஊரில் ஃபர் எதிர்ப்படும் இடம் ஏற்காடுதான்: ஏரிப் பக்கத்துக் கடைகளில் தொங்கும் ஜெர்கின்களின் தலைமூடி விளிம்பு, குளிர் தொப்பி, சாவிக்கொத்தில் ஆடும் பஞ்சு உருண்டை. பெரும்பாலும் செயற்கை; ஆனால் விலை மலிவு என்பதால் செயற்கைதான் என்று முடிவு கட்டிவிட முடியாது, முயல் ரோமமும் மலிவாக வருவதுண்டு. கடைக்காரரிடம் கேட்டபோது, "ஒரிஜினல்தாங்கண்ணா, சைனா ஒரிஜினல்" என்றார். ரோமத்தை விரலால் பிளந்து அடியைப் பாருங்கள்: துணி நெசவு தெரிந்தால் செயற்கை, தோல் தெரிந்தால் விலங்கு. நுனியைப் பாருங்கள்: வெட்டுப்படாத விலங்கு மயிர் ஊசிபோல் மெலிந்து முடியும், இயந்திரம் வெட்டிய இழை மொட்டையாக நிற்கும்.

அப்படியும் ஐயம் தீராவிட்டால், வாங்கிய பொருளிலிருந்து ஓரிரு இழையை வீட்டில் இடுக்கியால் பிடித்து நெருப்பில் காட்டுங்கள். அக்ரிலிக் உருகி, கெட்டியான கரும் மணியாகச் சுருளும். விலங்கு ரோமம் கருகித் தலைமயிர் பொசுங்கும் நாற்றம் அடிக்கும். சாம்பலை விரலால் தேய்த்தால் பொடியாகும். இதைக் கூட்டத்தின் கடைசியில் நான் விளக்கிக்கொண்டிருந்தபோது, அந்த முதிய நெசவாளர் சட்டைப்பையிலிருந்து ஒரு பட்டு இழையையும் தீப்பெட்டியையும் எடுத்தார். "சுத்தப்பட்டான்னு நாங்க பார்க்கிறதும் இப்படித்தான் தம்பி" என்று சொல்லிப் பற்றவைத்து, இழையை என் மூக்கருகே நீட்டினார்.